கட்டுப் போட்டவரின் தீர்ப்பு

யாராவது அடிதடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், எங்கள் நர்சம்மா கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவார். சந்தையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள் என்று சேதி வந்தால், மற்றவர்கள் எல்லாம் "எதுக்காம்?" என்று கேட்பார்கள். அவர் மட்டும் "யாருக்கு எங்க அடி?" என்று கேட்பார். காயம் எங்கே என்று தெரிந்துவிட்டால், அடித்தவன் எந்தக் காலை முன்னால் வைத்திருந்தான், தெரிந்து அடித்தானா இல்லை கண்ணை மூடிக்கொண்டு வீசினானா என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னலில் எனக்கு வேலை கிடைத்தது. வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, மஞ்சள் மாத்திரை ராத்திரி ஒன்று என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோகும். எனக்கு அடுத்த அறையில் கட்டுப் போடுகிறவர் அவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். குள்ளமான உருவம், சட்டென்று நடக்கிற நடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் ஊரில் யாருக்கும் வரவில்லை.

அவருடைய அப்பா எங்கள் பக்கத்திலிருந்து மலேயாவுக்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்தவர். நர்சம்மா பிறந்து வளர்ந்தது எல்லாம் ஈப்போவில். அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாததால் வேலை அட்டை கிடைக்காமல் ஏகப்பட்ட பேர் கப்பலேறித் திரும்பி வந்தார்களே, அந்தக் கூட்டத்தோடு வந்தவர். அந்த ஊர்ப் பழக்கத்தில் எதற்கெடுத்தாலும் பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். "சாப்பிட்டாச்சுலா", "வலிக்காதுலா" என்பார். தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால் 'லாலாலா' என்று பாடிக்கொண்டு ஓடும். அவர் கோபப்படமாட்டார். ஓடுகிற பிள்ளையின் காலைப் பார்த்து, "அந்தப் பையனுக்கு வலது பாதம் உள்பக்கம் வளையுது, அவுங்கம்மாகிட்ட சொல்லு," என்று என்னிடம் சொல்வார்.

ஈப்போவில் அவர் வேலை பார்த்தது ஒரு சீன வைத்தியரின் கடையில். சின்சே என்று அவரைச் சொல்வார். எலும்பு முறிவு, சுளுக்கு, ரத்தக்கட்டு, இதற்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் அந்தச் சின்சே. கடையைச் சுற்றி நாலு தெருவிலும் சீனர்களின் சண்டைப் பயிற்சிக் கூடங்கள் இருந்தனவாம். கூடத்துக்கு ஒரு ஸ்டைல், ஸ்டைலுக்கு ஒரு கர்வம். எங்களுடையதுதான் பெரியது என்று ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு, கடைசியில் எல்லாரும் வந்து படுப்பது சின்சேயின் பெஞ்சில். அவர்களுக்கு மருந்தரைத்துப் பூசிக் கட்டுப் போட்டவர் எங்கள் நர்சம்மா.

"கூடத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நான் பார்த்ததே இல்லைலா. வெளிய என்ன வந்துச்சுன்னு பார்த்தேன். அது போதாதா?" என்று கேட்பார்.

அவர் சொல்கிற கணக்கே தனி. புலி ஸ்டைல்காரர்களுக்கு முன்கை இரண்டும் கருநீலமாக இருக்கும். மரக்கட்டையில் அடித்து அடித்துப் பழகுகிறவர்கள். முழங்காலை மடக்கித் தாழ நின்று நின்று சின்ன வயசிலேயே மூட்டு வலி வந்துவிடும். ஆனால் அவர்களிடம் ஒழுங்காக ஒரு அடி வாங்கினவன் நடந்து வரமாட்டான், தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். வடக்கத்திச் சீனர்கள் எகிறி எகிறிக் காலால் உதைப்பார்கள். பார்க்க அழகு. "ஆனா வர்றவனுக்கெல்லாம் சொந்தக் காலுதான் சுளுக்கியிருக்கும். எதிராளி வெளிய நின்னு சோடா குடிச்சிட்டிருப்பான்," என்று சிரிப்பார். வெள்ளைக்கொக்கு ஸ்டைல் கை நீளமானவர்களுக்கு. விலகி விலகிப் போய், எதிராளி மூச்சு வாங்கும்போது விரலைக் கூட்டி ஒரே கொத்து. குரங்கு ஸ்டைல்காரனுக்குத் தரையில் உருண்டு உருண்டு முதுகுத் தோல் போயிருக்கும்.

கும்பிடுபூச்சி ஸ்டைல் என்று ஒன்று சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பச்சையாக, முன்னங்கால் இரண்டையும் மடித்துக்கொண்டு செடியில் நிற்குமே, அந்தப் பூச்சி. அது எப்படிச் சண்டை போடும்?

"அது கும்பிடலைம்மா. கொத்தறதுக்கு நிக்குது. நாமதான் அதப் பார்த்துக் கும்பிடுதுன்னு சொல்லிட்டிருக்கோம்," என்றார்.

தாய்ச்சி என்று மெதுவாகக் கையை ஆட்டுகிற கிழவர்களின் ஸ்டைல் ஒன்று உண்டு. அதைப் பழகினவர் ஒருவர்கூடக் கட்டுப் போட வந்ததில்லை. அப்படியானால் அதுதான் உயர்ந்ததா என்று கேட்டேன். "தெரியாதுலா. சண்டைக்கே போவாதவனுக்கு அடிபடாதுதானே. தெரியாதத எப்படிச் சொல்றது?" என்றார். அவர் அப்படித்தான். தெரிந்ததைச் சொல்வதில் எவ்வளவு ஆசையோ, தெரியாததைச் சொல்வதில் அவ்வளவு பயம்.

ஆனால் எந்த ஸ்டைல் உயர்ந்தது என்று அவரிடம் நேராகக் கேட்டால், அவர் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஜெயிக்கிறதுன்னா என்ன? கீழ விழுந்தவன் தோத்தவனா? நான் பார்த்ததுல, நின்னவன் கை வீங்கிப்போயி ஒரு மாசம் சோறு அள்ளித் தின்ன முடியாம கெடந்திருக்கான். விழுந்தவன் மறுநாள் ஈயச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருக்கான். மறுநாள் எவன் வேலைக்குப் போனானோ அவன்தான் ஜெயிச்சவன்."

எங்கள் ஆஸ்பத்திரியின் மதருக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. ஒருநாள் கட்டுப் போடும் அறையில் நர்சம்மா என்னிடம், "ஒரு ஸ்டைல கண்டுபிடிச்சதே ஒரு கன்னியாஸ்திரிதான்னு சொல்லுவாங்க. ஒடம்புல பலமில்லாத பொம்பளைங்களும் ஆம்பளைய சமாளிக்கறதுக்காக," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மதர் உள்ளே வந்துவிட்டார். மதர் நர்சம்மாவை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எந்த சபை?" என்று கேட்டார். நர்சம்மா சிரிக்காமல், "புத்தர் சபைங்க மதர்," என்றார். "அதானே பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு மதர் போய்விட்டார். அன்று பூராவும் நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் சிரிப்பு வெடித்துவிடும்.

அவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை சண்டைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனார். வசதியான ஒரு விவசாயி தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். மாட்டுக் கொட்டகைப் படியில் விழுந்துவிட்டாள், மணிக்கட்டு வீங்கிவிட்டது என்றார். நர்சம்மா அந்த அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படியில வுழுந்தா உள்ளங்கைல சிராய்ப்பு இருக்கும். இது முறுக்குனது," என்றார்.

"வுழுந்துதுன்னு சொல்றனே, கேக்க மாட்டீங்களா?" என்று அந்த ஆள் குரலை உயர்த்தினார்.

நர்சம்மா எழுந்து, ஏதோ நாடி பார்க்கிறவர் மாதிரி அவருடைய கையை வாங்கினார். "இப்படிப் புடிச்சி, இப்படித்தானே?" என்று சின்னதாக ஒரு திருப்பு. அவ்வளவுதான். அந்த ஆள் பெஞ்சின் மேல் பாதி உட்கார்ந்து பாதி விழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. கையை விட்டுவிட்டு, "சீட்டுல முறுக்குனதுன்னுதான் எழுதுவேன். வுழுந்ததுன்னு என் கையால எழுதமாட்டேன்லா," என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாவுக்குக் கட்டுப் போட ஆரம்பித்தார். எனக்கு அன்று அவரைப் பார்த்துப் பயமாகவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் சீனாக்காரன் சண்டைப் படங்கள் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. தர்மபுரி டவுனில் ஒரு படம் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து நர்சம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கட்டுத்துணி வாங்கப் போகிறோம் என்று மதரிடம் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். தியேட்டரில் பெண்கள் பக்கத்தில் நாங்கள் இரண்டே பேர். படம் ஆரம்பித்ததுதான் தெரியும். "அய்யோ, அந்த முட்டி போச்சு", "அது புலி இல்லைலா, சும்மா கைய விரிக்கறான்", "இவ்ளோ ஒதைச்சவன் நாளைக்கு எப்படி நடப்பான்?" என்று சத்தமாகவே பேச ஆரம்பித்துவிட்டார். முன்வரிசை ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் முறைத்தார்கள். இடைவேளையில் வந்து சந்தேகம் கேட்டார்கள்.

அங்கிருந்த ஒருவர் எங்கள் ஊருக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் ஆண்களுக்குச் சுளுக்கு அதிகமாகிவிட்டது. கழுத்து திரும்பலைங்க என்று வருவார்கள். நர்சம்மா கழுத்தைத் தொடுவதற்குள் அது தானே திரும்பி, "ஏங்க நர்சம்மா, இந்தக் கராத்தேயில குரங்கு பெருசா, பாம்பு பெருசா?" என்று கேட்கும். "கராத்தே சப்பான்காரனுதுலா!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஊரில் யாரும் அதைக் காதில் வாங்கியதில்லை. எங்களுக்கு எல்லாம் கராத்தேதான். இத்தனைக்கும் படத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். பார்த்தவன் சொன்னதைக் கேட்டவன் சொன்னதைக் கேட்டுத்தான் ஊர் முழுக்க வாதம் செய்தது.

அப்படி ஒரு வாதத்தில்தான் என் அண்ணன் மாட்டிக்கொண்டான்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயசு மூத்தவன். நெட்டையாக, கை கால் நீளமாக இருப்பான். லாரியில் கிளீனராக ஆரம்பித்து, டிரைவராகி, கவர்ன்மெண்ட் பஸ்ஸில் டிரைவர் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். வண்டி ஓட்டிக் காட்டிப் பாஸாகி, வேலைக்குச் சேரச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அப்பா இல்லாத குடும்பம். மழையை நம்பிக் கடலை போடுகிற கொஞ்சம் நிலம். அந்த வேலையில் சேர்ந்தால்தான் வீடு தலை தூக்கும் என்று அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த சமயம்.

அன்று எனக்கு மதியச் சோறு கொண்டுவந்தவன், கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அங்கே ஏற்கனவே கடலை மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் தோள்பட்டை வலிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் வயசுதான். கருங்கல் மாதிரி உடம்பு. புலியா கொக்கா என்று பேச்சு வந்தது. மூட்டைக்காரர் புலி என்றார். அண்ணன் கொக்கு என்றான். இரண்டு பேரும் நர்சம்மாவைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே அளவு பழகியிருந்தா, ரெண்டு பேருக்கும் பொறுமை இருந்தா, கொக்குதான்லா," என்றார் நர்சம்மா.

அவர் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும் அண்ணன் காதில் விழுந்தது. "கேட்டுக்கிட்டியா? மூட்டை தூக்கறவனுக்கெல்லாம் இது வெளங்காது," என்று சிரித்தான். மூட்டைக்காரர் மெதுவாக எழுந்தார். "மூட்டை தூக்கறவன்னா அவ்ளோ எளப்பமாப் போச்சா? நாயித்துக்கெழமை வாணியாத்து மணலுக்கு வா. உன் கொக்கு எப்படிப் பறக்குதுன்னு பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு, தோளுக்கு மருந்துகூடப் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டார்.

ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா அழுதாள், கோயில் சாமியார் கூப்பிட்டுத் திட்டினார், நான் அவன் காலைப் பிடிக்காத குறை. வேலையில் சேருவதற்கு முன்னால் டாக்டர் உடம்பு பார்ப்பார். ஒரு விரல் மடங்காமல் போனாலும் ஸ்டியரிங் பிடிக்க லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்கள். அண்ணன் இதெல்லாம் தெரியாதவன் இல்லை. ஆனால் இப்போது போகாவிட்டால் பயந்து ஓடிவிட்டான் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தின் கீழே ஒற்றைக் காலில் நின்று கையை விரித்துப் பழகிக்கொண்டிருந்தான். பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

நர்சம்மா ஒருநாள் வீட்டுக்கே வந்தார். "நீ இன்னும் கொக்கு இல்லப்பா. வுட்டுடு," என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க கொக்குதான்னு? இப்ப மாத்திப் பேசறீங்களா?"

"மாத்திப் பேசலை. கொக்குதான். ஆனா..."

"அப்ப சரிங்க," என்று அவன் மறுபடி ஒற்றைக் காலில் நின்றான். நர்சம்மா வாசலுக்கு வந்து, "என் வாய்தான்லா இதுக்கெல்லாம் காரணம்," என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாணியாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மீதி எல்லாம் மணல். ஊர் ஆம்பளைகள் வட்டமாக நின்றார்கள். நானும் அம்மாவும் நர்சம்மாவோடு போனோம். அவர் கையில் கட்டுத்துணி, மருந்துப் புட்டி, இரண்டு மூங்கில் பட்டை. மூங்கில் பட்டை எதற்கு என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூட்டைக்காரர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் படமே பார்த்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மண்டியில் வேலை முடியவே இருட்டிவிடும், தர்மபுரிக்கு எப்போது போவது? புலி ஸ்டைல் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான். அவனுடைய விலா எலும்பு எனக்குத் தெரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நில்லு!" என்று நர்சம்மா வட்டத்துக்குள் போனார். "என்னப்பா, மரியாதை இல்லாம ஆரம்பிக்கறீங்க? சண்டைக்கு முன்னாடி சலாம் வைக்கணும். சலாம் வைக்காம அடிச்சா அது கொக்கும் இல்ல, புலியும் இல்ல, சாராயக்கடை அடிதடி."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. முறைப்படி நடக்கிறது என்றால் எல்லாருக்கும் ஒரு திருப்தி.

"மொதல்ல கொக்கு," என்று அண்ணனைப் பார்த்தார். "ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா சேர்த்து வை. ஆங். குனி. நல்லாக் குனி. இன்னும். எதிராளிய அண்ணாந்து பார்க்கக் கூடாது."

அண்ணன் எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன். இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, இடுப்பு மடங்க, தலை மூட்டைக்காரரின் முழங்கால் உயரத்துக்கு வருகிற வரைக்கும் குனிந்தான்.

மூட்டைக்காரர் குழம்பிப்போய் அவனைப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் இருந்த கோபம் கரைந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். கையைத் தொங்கவிட்டார்.

"சரி, வுடுப்பா. கும்பிட்டுட்டே. ஏதோ வாய் தவறிப் பேசிட்டே, நானும் பேசிட்டேன். கும்பிட்டவன அடிக்கிற வழக்கம் எங்க வூட்ல இல்ல," என்றார்.

அண்ணன் துள்ளி நிமிர்ந்தான். "யோவ், நான் எங்கய்யா கும்பிட்டேன்? அது சலாமு! சண்டைக்கு முன்னாடி வைக்கிற சலாமு!"

"அட, கும்பிட்டத இத்தினி பேரு பார்த்தோமே," என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சிரிப்பு கிளம்பியது. "நர்சம்மாவையே கேளுங்கப்பா," என்று இன்னொருவர் கத்தினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். அவன் கண்ணில் துளி சந்தேகம்கூட இல்லை. அவர் உண்மையைத்தான் சொல்வார் என்று என்னைவிட அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நர்சம்மா கையில் இருந்த மூங்கில் பட்டையைக் கட்டுத்துணிக்குள் சுருட்டி வைத்தார்.

"கும்பிட்டான். சண்டை முடிஞ்சுது. புலி ஜெயிச்சுது. எல்லாரும் வூட்டுக்குப் போங்க," என்றார்.

அந்தத் தீர்ப்பின் கடைசியில் 'லா' வரவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தான். பத்து விரலும் மடங்கின, பத்தும் நீண்டன. அம்மா கூடை நிறைய மாம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், "எம் புள்ள கையக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க," என்று நர்சம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் ஊர் அண்ணனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. கும்பிடுபூச்சி. அரூரிலிருந்து சேலம் போகிற தடத்தில் அவனுக்கு வண்டி கொடுத்தார்கள். அரூர் பஸ் ஸ்டாண்டில்கூட, "கும்பிடுபூச்சி வண்டி கெளம்பிருச்சா?" என்று கேட்பார்கள். அவன் அதை எப்படித் தாங்கினான் என்று எனக்குத் தெரியாது. நர்சம்மாவோடு பேசுவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரி வாசல் வந்தால் வண்டியின் வேகம் கூடும். சேலம் போகவேண்டுமென்றால் நர்சம்மா அவனுடைய வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்பார்.

அதைவிட எனக்கு வருத்தம் வேறொன்று. நர்சம்மா ஸ்டைல் பேசுவதை விட்டுவிட்டார். புதுப் படம் வரும். ஆட்கள் சுளுக்கோடு வருவார்கள். "பாம்பா, குரங்கா நர்சம்மா?" என்பார்கள். "எனக்குத் தெரியாதுலா," என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். ஒருநாள் தாங்கமாட்டாமல் நானே கேட்டுவிட்டேன், ஏன் இப்படி என்று.

"நல்லாக் குனின்னு அவனச் சொன்னது நான்தானே? சலாம் வைக்கறவன் அவ்ளோ குனிய மாட்டான். அத அவங்க கும்பிடுன்னு எடுத்துக்குவாங்கன்னு தெரிஞ்சுதான் குனிய வச்சேன். அப்புறம் அத்தினி பேரு முன்னால கும்பிட்டான்னு சொன்னேன். ஒரு பயலோட மானத்த வாங்கிட்டு, நாளைக்கு நான் கொக்கு பெருசு புலி பெருசுன்னு தீர்ப்பு சொன்னா, அதுக்கு என்ன மதிப்பு?" என்றார்.

"எங்க வூட்டுக்குச் சோறு போட்டது அந்தப் பொய்தான்," என்று சொன்னேன். அழுதுவிட்டேன்.

"இருக்கட்டும். அது உங்க வூட்டுக்கு. எனக்கு அது பொய்தானேலா," என்றார்.

நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில், சபைக்காரர்கள் நடத்துகிற இன்னொரு ஆஸ்பத்திரிக்கு, தெற்கே எங்கேயோ, நர்சம்மாவை மாற்றினார்கள். நாளைக்குக் கிளம்ப வேண்டும். நான் காலையிலிருந்து மாத்திரையைத் தப்புத் தப்பாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் வாசலில் ஒரு பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. அங்கே ஸ்டாப்பே கிடையாது. எட்டிப் பார்த்தால், வண்டி நிறைய ஜனம், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அண்ணன் காக்கிச் சட்டையோடு இறங்கி உள்ளே வருகிறான். நேராகக் கட்டுப் போடும் அறைக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நாளைக்குப் போறீங்களாமே," என்றான்.

"ஆமாப்பா."

வெளியே கண்டக்டர் விசில் ஊதினார். அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லணும். அன்னிக்கு மணல்ல நான் அடிச்சிருந்தா, ஜெயிச்சிருப்பனா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் நர்சம்மா என்று மனசுக்குள் கும்பிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கு ஊரைவிட்டே போகப் போகிறார். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? நர்சம்மா அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"தோத்திருப்பே," என்றார்.

அண்ணன் விடவில்லை. "கொஞ்ச நேரமாவது தாக்குப் பிடிச்சிருப்பனா?"

"உங்கம்மா கண்ணத் தொடைச்சிட்டு நிமிர்றதுக்குள்ள கீழ கெடந்திருப்பே. அவன் தெனமும் மூட்டை தூக்கற ஆளு. அவனுக்கு எதுக்கு ஸ்டைலு?"

அண்ணன் முகம் எப்படியெப்படியோ போனது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று நினைத்தேன். சிரித்தான். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

"அப்ப நீங்க அன்னிக்குச் சொன்ன தீர்ப்பு சரிதானா?"

"தீர்ப்பு சரிதான்லா," என்றார் நர்சம்மா. "காரணம்தான் பொய்."

அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "நாளைக்கு நம்ம வண்டியிலதான் சேலம் போறீங்க. எனக்குப் பின்னால சீட்டு. எவனையும் ஒக்கார வுடமாட்டேன்," என்று சொல்லிவிட்டு, கத்துகிற ஜனத்தை நோக்கி ஓடினான்.

மறுநாள் நானும் சேலம் வரைக்கும் கூடப் போனேன். டிரைவரோடு பேசக் கூடாது என்று கண்ணாடிக்கு மேல் பெரிதாக எழுதியிருந்தது. மஞ்சவாடிக் கணவாய் ஏறுகிற வரைக்கும் இருவரும் அதை மதித்தார்கள். ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு போகும்போது அண்ணன் திரும்பாமலே, "பாம்பா, குரங்கா?" என்று கத்தினான். நர்சம்மா முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பதில் கத்த ஆரம்பித்தார். பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். சேலம் வந்து இறங்குகிற வரைக்கும் அவர் உட்காரவே இல்லை.